பொடி வேண்டாம், பருப்பும் கீரையும் போதும்

டெங்கிலில் என்னோடு தங்கிப் படிக்கும் தோழிகள் சிலர், மதிய உணவைத் தவிர்த்து மிச்சம் பிடித்த காசில் கொலாஜன் பொடி வாங்குகிறார்கள். இது தலைகீழ்க் கணக்கு.

குடித்த கொலாஜன் அப்படியே தோலில் போய் ஒட்டிக்கொள்வதில்லை. குடலில் செரித்துச் சிறு துண்டுகளாகிவிடுகிறது. புதிய கொலாஜனை உடல்தான் கட்ட வேண்டும். அதைக் கட்டும் நொதிகளுக்கு இரும்பும் வைட்டமின் சி-யும் தேவை. இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் நொதிக்கோ துளியளவு தாமிரம் வேண்டும். கீரை, கொய்யா, பருப்பு, கடலை ஆகியவற்றில் இவையெல்லாம் உண்டு.

கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்ற அமைப்பை 1954-இல் முன்வைத்தவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். நம்மவர் கண்ட அறிவியலை நாம் விளம்பரத்திடம் கற்கலாமா? பொடி வாங்குமுன் உயிரியல் பாடநூலைப் புரட்டுங்கள். முதலில், மதியம் சாப்பிடுங்கள்.