முதியோர் நினைவும் கிராம வாய்க்கால்களும்

பட்டணங்களில் உத்தியோகத்தின் பொருட்டுக் குடியேறிய குமாரர்கள், விடுமுறைக் காலத்தில் வயது முதிர்ந்த தகப்பனாரை மோட்டார் வண்டியில் அமர்த்திக்கொண்டு சொந்தக் கிராமத்தைப் பார்த்து வருவது தஞ்சை நாட்டில் இப்பொழுது சாதாரணமாகி விட்டது. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் செல்லும் ரஸ்தாவில் நிகழும் அத்தகைய பிரயாணம் ஒன்றை உதாரணமாகக் கொள்ளலாம். சுமார் 8 மைல் தூரத்திற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி ஆகிய ஐந்து ஆறுகளை வண்டி கடக்கிறது. ஒவ்வொரு பாலத்திலும் முதியவர் ஆற்றின் பெயரைச் சொல்லிக்கொண்டே வருகிறார். குமாரர் தலையசைத்துக் கேட்கிறார். அப்பெயர்கள் அவருக்குப் புதியன அல்ல. கைப்பேசியில் உள்ள படத்திலும் அவற்றைக் காணலாம்.

பெரிய ரஸ்தாவை விட்டுக் கிராமத்துப் பாதையில் வண்டி திரும்பியதும் நிலைமை மாறுகிறது. “இங்கே ஒரு வாய்க்கால் இருந்ததே, தம்பி!” என்று முதியவர் திடுக்கிட்டுக் கேட்கிறார். அவர் சுட்டிய இடத்தில் கருவேலம் புதரும் கொட்டிய மண்ணுமே இருக்கின்றன. அந்த வாய்க்காலுக்கு ஊரார் இட்ட பெயர், அதன் தலைப்பு, அதில் எந்தெந்த வயல்களுக்கு மடை இருந்தது, மிகுந்த நீர் எங்கே வடிந்தது என்பனவற்றையெல்லாம் அவர் தடையின்றிச் சொல்லுகிறார். எந்தப் படத்திலும் அவை இல்லை. இருவரும் பெருமூச்செறிந்து, கோயிலில் அர்ச்சனை செய்துகொண்டு திரும்பிவிடுகிறார்கள். சில வருஷங்களில் முதியவர் காலமாகிறார். அவருடன் அந்த வாய்க்காலின் பெயரும் போய்விடுகிறது.

இவ்விதப் பிரயாணம் பெருமூச்சுடன் முடிந்துவிடலாகாது. முதியவர் வண்டியிலிருந்து சுட்டிக் காட்டுவது கிராமத்தின் எழுதப்படாத நீர்க் கணக்கு ஆகும். அதை எழுதி வைப்பது மிராசுதாரர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் உரிய கடமை.

காவேரிப் பாசன நிலத்தின் சரிவு மிகவும் குறைவு. ஓர் ஊரின் வடிகால் அடுத்த ஊருக்குப் பாசன வாய்க்காலாக இருப்பது இங்கே சகஜம். ஆதலால் ஓரிடத்தில் ஒரு சிறு வடிகால் தூர்ந்துபோனாலும், ஐப்பசி கார்த்திகை மழையில் அதற்கு மேலுள்ள சம்பாவும் தாளடியும் பல நாள் நீரில் மூழ்கி அழுகுகின்றன. கீழுள்ள வயல்களுக்கோ நீர் எட்டுவதில்லை. வெள்ளம் சூழ்ந்த பின்னர் மண்வெட்டியுடன் வடிகாலைத் தேடுவது பயன் தராது.

முற்காலத்தில் இவ்விஷயங்கள் மறையாமல் இருந்ததற்குக் காரணம் குடிமராமத்து. வருஷந்தோறும் வாய்க்காலை வெட்டியவர்கள் அதன் போக்கை மறக்க இடமில்லை. 1858-ம் வருஷத்துச் சட்டம் அவ்வழக்கத்திற்கு அரசாங்கத்தின் பலத்தையும் அளித்தது. எனினும் அது நாளடைவில் நலிந்தது. 1980-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் பரம்பரைக் கர்ணம், மணியம் உத்தியோகங்கள் ஒழிக்கப்பட்டன. அந்த முறையில் குறைகள் பல இருந்தமையால் அது திரும்ப வேண்டுமென எவரும் விரும்ப வேண்டியதில்லை. ஆயினும், ஊரிலேயே பிறந்து வளர்ந்த கர்ணத்தின் மனத்தில் இருந்த கணக்கு, மாற்றலாகி வரும் கிராம நிர்வாக அலுவலருக்குக் கிடைப்பதில்லை. புல வரைபடமும் அ-பதிவேடும் புறம்போக்கு வாய்க்கால்களைக் காட்டும். பட்டா நிலங்களுக்குள் ஓடும் கன்னிகள் அநேகம் அவற்றில் தனியே காணப்படுவதில்லை.

முதியோர் சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா என்று கேட்பது நியாயமே. நினைவு பழங்காலத்தை மெருகிட்டுக் காட்டும். 1934-ம் வருஷத்தில் மேட்டூர் அணை திறக்கப்படுமுன், ஆற்றில் நீர் வருவது மேல்நாட்டு மழையையே பொறுத்திருந்தது. 1924-ம் வருஷத்துப் பெருவெள்ளமும் அக்காலத்ததே. மேலும், வாய்க்காலுக்குக் கரையில் நின்று உத்தரவிட்டவர் ஒருவர். சேற்றில் இறங்கி வெட்டியவர் வேறொருவர். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ம் வருஷத்தில்தான் வந்தது என்பதை நினைத்தால், பழைய நாட்கள் எல்லோருக்கும் இனியவையாக இருக்கவில்லை என்பது விளங்கும். வாய்க்காலின் ஆழத்தைத் தன் காலால் அறிந்தவர் அந்த உழைப்பாளியே. ஆகவே, வண்டி தகப்பனாரின் வீட்டு வாசலோடு நின்றுவிடாமல், தொழிலாளர் தெருவிலுள்ள முதியவர்களிடமும் செல்ல வேண்டும்.

கேட்டு எழுதுவதால் பயனுண்டு என்பதற்கு அத்தாட்சி இந்நாட்டிலேயே இருக்கிறது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் வாழ்ந்து 2018-ம் வருஷத்தில் காலமான நெல் ஜெயராமன், குடியானவர்களிடம் தேடித் திரட்டிய பாரம்பரிய நெல் ரகங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. காவேரிக் கரையெங்கும் பிரயாணம் செய்து சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய ‘நடந்தாய் வாழி, காவேரி’ 1971-ம் வருஷத்தில் வெளியாயிற்று. பெரிய ஆற்றுக்கு ஒரு நூல் கிடைத்தது. ஊர் வாய்க்காலுக்கோ ஒரு நோட்டுப் புத்தகமும் இல்லை.

இதற்கு ஏற்ற காலம் சித்திரையும் வைகாசியுமாகும். மேட்டூரில் நீர் இருப்புப் போதியதாயின் வழக்கமாக ஜூன் மாதம் 12-ந் தேதி அணை திறக்கப்படும். அதற்கு முன் வாய்க்கால்கள் வறண்டு, அவற்றின் அடிமட்டம் கண்ணுக்குத் தெரியும். கிராம வரைபடத்தின் நகலை எடுத்துக்கொண்டு, முதியோர் இருவர் மூவருடன் தலைப்பு முதல் கடைமடை வரை செல்ல வேண்டும். நடக்க இயலாதவரை வண்டியில் அழைத்துச் செல்லலாம். பெயர், புல எண், மதகு, மடை, வடிகால் முடியும் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதியோர் ஒருவருக்கொருவர் மாறுபட்டால் இரண்டையும் எழுதுவதே நேர்மை. ஒரு பிரதி கிராம நிர்வாக அலுவலரிடமும், மற்றொன்று பஞ்சாயத்து அலுவலகத்திலும் இருத்தல் நலம்.

இந்தக் குறிப்பு வழக்குகளுக்கு வித்தாகுமென அதிகாரிகள் சிலர் அஞ்சலாம். நினைவு பாத்தியதைக்குச் சாட்சிப் பத்திரம் ஆகாது. ஆக்கிரமிப்பு உண்டா இல்லையா என்பதை அளவையும் சட்டமுமே தீர்மானிக்க வேண்டும். எங்கே அளக்க வேண்டும் என்பதை மட்டும் குறிப்பு காட்டும். அவ்வளவே அதன் பயன். அதுவே பெரும் பயன்.

ஐந்து ஆறுகளின் பெயர்கள் மறையப் போவதில்லை. அவற்றின் நீரை வயலில் கொண்டு சேர்க்கும் கன்னிகளின் பெயர்களோ எண்பது வயதைக் கடந்த சிலரிடம் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. அடுத்த முறை தகப்பனாருடன் ஊருக்குச் செல்லும் குமாரர், ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் உடன் கொண்டு செல்வாராக.