ஹாலுக்கு ஒரு டிஜிட்டல் ஃப்ரேம்!

உங்க மொபைல் கேலரியில எத்தனை போட்டோ இருக்குன்னு ஒரு தடவை எட்டிப் பாருங்க. மூவாயிரம்? ஐயாயிரம்? சரி, அதுல எத்தனையை உங்க அம்மா பார்த்திருக்காங்க? ஃப்ரெஷர்ஸ் டே, கல்ச்சுரல்ஸ், ஐ.வி. டூர் எல்லாம் ஸ்டேட்டஸ்ல வந்து 24 மணி நேரத்துல காணாமப் போயிடுது. வீட்டு ஹால்ல மட்டும் இன்னும் உங்க ப்ளஸ் டூ குரூப் போட்டோதான் தொங்குது. அதுலயும் நீங்க கடைசி வரிசை!

அதனாலதானோ என்னவோ, கையில கொஞ்சம் இன்டர்ன்ஷிப் காசு வந்ததும் வீட்டுக்கு ஒரு டிஜிட்டல் போட்டோ ஃப்ரேம் வாங்கலாமேன்னு தோணும். தாராளமா வாங்கலாம். ஆனா அதைத் தினமும் பார்க்கப்போறது நீங்க இல்லையே பாஸ்! ஹாஸ்டலுக்கு பஸ் ஏறினப்புறம், நீங்க இல்லாம அது ஓடுமா? வாங்குறப்ப கேக்க வேண்டிய கேள்வி இது ஒண்ணுதான்.

முதல் டெஸ்ட், பவர் கட். சில ஃப்ரேம்கள் கரன்ட் வந்ததும் தானா படம் காட்ட ஆரம்பிச்சிடும். சிலது மெனுவுல வந்து நின்னுக்கிட்டு, யாராவது ஓ.கே. அழுத்துவாங்களான்னு காத்திருக்கும். அம்மா ரெண்டு நாள் பார்ப்பாங்க. மூணாவது நாள் பூத்துணியைப் போட்டு மூடிடுவாங்க! அதனால கடையிலயே பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகச் சொல்லுங்க. ஆன்லைன்ல வாங்கினா, ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள வீட்டுல செஞ்சு பாருங்க.

அடுத்து வை-ஃபை. நீங்க கேன்டீன்ல எடுத்த படம் அடுத்த நிமிஷம் வீட்டு ஹால்ல தெரியும். சூப்பர்தான். ஆனா வீட்டுல நெட்டுன்னா அப்பாவோட ஹாட்ஸ்பாட் மட்டும்தான்னா, அவர் வேலைக்குக் கிளம்பும்போது நெட்டும் சட்டைப் பையிலயே கிளம்பிடும். இன்னொரு சிக்கலும் இருக்கு. கம்பெனியோட கிளவுடை நம்பி ஓடுற ஃப்ரேம்னா, அவங்க நினைச்சா ரூலை மாத்திடலாம். நிக்ஸ்ப்ளேங்கிற பெயர் பெற்ற பிராண்டு 2025-ல இலவச கிளவுட் இடத்தை 10 ஜி.பி.யிலிருந்து 500 எம்.பி.யா சுருக்கிடுச்சு. அதே வருஷம் மார்ச் 31-ல கூகுள் போட்டோஸ் விதிகளை மாத்தினப்ப, ஆல்பத்தை அங்கேயிருந்து தானா எடுத்துக் காட்டிக்கிட்டிருந்த பல ஆப்களும் கையைப் பிசைஞ்சுச்சு. சோ, வை-ஃபை இருக்கட்டும். கூடவே படம் ஃப்ரேமுக்குள்ளேயே சேவ் ஆகணும், மெமரி கார்டோ பென் டிரைவோ சொருக ஓட்டையும் இருக்கணும்.

ஸ்கிரீன் விஷயத்துல இன்ச்சைப் பார்த்து ஏமாறாதீங்க. 10 இன்ச்சுக்கு 1280 × 800 இருந்தா நல்லாயிருக்கும். 1024 × 600-னா முகமெல்லாம் கொஞ்சம் மொழுக்குன்னு தெரியும். ஐ.பி.எஸ். பேனலான்னு கேளுங்க. பாட்டி தரையில பாயில உட்கார்ந்து, அலமாரி மேல இருக்கிறதை நிமிர்ந்துதான் பார்ப்பாங்க. மலிவான பேனலைக் கீழேயிருந்து பார்த்தா பேரனும் தெரியமாட்டான், பேத்தியும் தெரியமாட்டா. எல்லாம் நெகட்டிவ் மாதிரி இருக்கும்.

நாம மொபைலை நிமிர்த்திப் பிடிச்சு எடுக்குற படம் இன்னொரு தலைவலி. படுக்கை வாக்குல இருக்கிற 16:10 ஸ்கிரீன்ல அது பாதி அகலத்தைக்கூட நிரப்பாது. ரெண்டு பக்கமும் கறுப்பு. 'ஃபில்' ஆப்ஷன் போட்டாலோ தலை கட்! நிமிர்ந்த படங்கள்தான் நிறையன்னா ஃப்ரேமையே நிமிர்த்தி வைக்க முடியுமான்னு பாருங்க. ஐபோன்காரங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா வேலை. 2017-லேர்ந்து ஐபோன்ல வர்ற ஹெச்.இ.ஐ.சி. ஃபைலை சாதா ஃப்ரேம் பல திறக்காது. ஜேபெக்கா மாத்திக் கொடுங்க. கரன்ட் பில்லை நினைச்சு அப்பா முறைச்சா, 10 வாட் ஃப்ரேம் தினம் 12 மணி நேரம் ஓடினாலும் மாசத்துக்கு 4 யூனிட்டுக்கும் கம்மின்னு சொல்லிடுங்க.

எல்லாத்தையும் விட பெரிய வேலை, எந்தப் படத்தைப் போடுறதுங்கிறது. மூவாயிரம் படத்தை அப்படியே கொட்டாதீங்க. ஒரு படத்துக்கு 30 செகண்டுன்னு வெச்சா, ஒரு சுத்து முடிய 25 மணி நேரம் ஆகும். தாத்தா படம் ஒரு நாள் நடுராத்திரி வந்துட்டுப் போயிருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. இருநூறு படம்னா நூறே நிமிஷம். அந்த இருநூறுல உங்க செல்ஃபி இருபதைத் தாண்டக்கூடாது, சொல்லிட்டேன்!

மிச்சம்? பீரோவுக்குள்ள பழைய ஆல்பம் இருக்குமே, அதான். பசை ஒட்டின பக்கங்கள்ல இருக்குற படங்களைப் பிய்க்காதீங்க, கிழிஞ்சிடும். பக்கத்தோடயே ஜன்னல் வெளிச்சத்துல வெச்சு, ஃப்ளாஷ் போடாம எடுங்க. பிளாஸ்டிக் தாள் பளபளன்னு அடிச்சா கூகுளோட போட்டோஸ்கேன் ஆப் ட்ரை பண்ணுங்க. எடுக்குறப்ப பாட்டியைப் பக்கத்துல உட்கார வெச்சுக்குங்க. ரெண்டாவது வரிசையில நிக்கிற அந்தத் தாவணி போட்ட பொண்ணு யாருன்னு அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். பேரைக் கேட்டு ஃபைல் பேராவே டைப் பண்ணிடுங்க. அப்படியே எல்லாத்துக்கும் ஒரு காப்பி பென் டிரைவ்ல. ஃப்ரேம் ரிப்பேரானா அதுக்குள்ள இருக்கிறதும் போயிடும்.

பழைய டேப்லெட்டையே ஃப்ரேமா வைக்கலாமேன்னு கேக்குறீங்களா? வைக்கலாம், ஆனா எப்பவும் சார்ஜர்லயே கிடந்தா பேட்டரி உப்ப வாய்ப்பு இருக்கு. ராத்திரி கழட்டிடணும். அதை யார் ஞாபகம் வெச்சு கழட்டுறது?

காசு இன்னும் சேரலையா? அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப நூறு படத்தை பென் டிரைவ்ல போட்டு வீட்டு டி.வி.யில சொருகுங்க. எந்தப் படத்துக்கு யார் "ஏய், நிறுத்து நிறுத்து"ன்னு கத்துறாங்கன்னு ஒரு பேப்பர்ல குறிச்சுக்குங்க. ஃப்ரேம் வாங்கினதும் முதல்ல ஏத்த வேண்டிய லிஸ்ட் அதுதான்!