மனைவியோடு மலையேறுவது மானக்கேடா?

இரண்டு மாதங்களுக்கு முன், சிராங்கூன் சாலையை அடுத்த ஒரு மண்டபத்தில் திருமண விருந்து. பந்தியில் எனக்கு எதிரே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் மனைவியின் கைப்பேசியிலிருந்த படமொன்றைக் கண்ணுற்றார். கண்டதும் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். படத்தில் ஆபாசம் ஒன்றுமில்லை. புக்கித் தீமா குன்றின் உச்சியில், அதன் உயரத்தைப் பொறித்துவைத்திருக்கும் பாறையின் அருகே, நானும் அவளும் நின்றுகொண்டிருந்தோம். அவள் காற்சட்டை அணிந்திருந்தாள். முழங்கால் வரை சேறு. இருவர் முகத்திலும் வியர்வை. இவ்வளவே குற்றம்.

“தம்பி, நீ படித்தவன், தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவன். பெண்சாதியைக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு அலைவது உனக்கு அழகா?” என்றார். அத்தோடு நிறுத்தியிருந்தால் பாயசத்தோடு அதையும் சேர்த்து விழுங்கியிருப்பேன். “கலியாணமாகி நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் தொட்டில் கட்ட வேண்டிய காலத்தில் காட்டு மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கிறீர்களே!” என்று சொல்லித் தாமே சிரித்தார். பக்கத்திலிருந்த நால்வரும் சிரித்தனர். என் மனைவி சிரிக்கவில்லை. அதன்பின் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவள் தன் நடைக்காலணியைத் தொடவேயில்லை.

வயதில் மூத்தவருக்குப் பந்தியில் வைத்துப் பதிலிறுக்க எனக்கு நாவெழவில்லை. ஆனால் அவர் தனி மனிதரல்லர். அவர் வாயிலிருந்து வந்தது நம் தோட்டத்து வரிசை வீடுகளிலும் பட்டணத்து அடுக்கு வீடுகளிலும் நாள்தோறும் உலவும் அபிப்பிராயமே. ஆகையால் இங்கே பதில் சொல்லத் துணிந்தேன்.

கணவனும் மனைவியும் காட்டுக்குள் போவது தமிழருக்குப் புதிதா என்று முதலில் கேட்கிறேன். நான் வேலை பார்க்கும் ஜொகூர்த் தோட்டம் இன்று செம்பனைத் தோட்டம். என் பாட்டன் காலத்தில் அது பால்மரத் தோட்டமாயிருந்தது. அந்நாளில் விடிவதற்கு முன்னே பெரட்டுக்கு நின்று, பேர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஆணும் பெண்ணும் இணையாகவே காட்டுக்குள் நுழைந்தனர். அவன் மரம் சீவினான். அவள் மங்குகளைத் துடைத்து வைத்தாள், ஒட்டுப்பாலை உரித்தாள், பால் வாளியைச் சுமந்தாள். பாம்பும் உண்டு, அட்டையும் உண்டு, மழையும் உண்டு. அவள் என்ன உடுத்தியிருந்தாள்? சேலைக்கு மேல் கணவனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துணிக்கட்டு, காலில் கிடைத்த சப்பாத்து. ஆண் சட்டை போட்ட அந்தப் பெண்ணைக் கண்டு, நாகரிகம் கெட்டது என்று எந்தப் பெரியவராவது கையை உதறியதுண்டா? கிடையாது. ஏன்? அவள் துரைக்காக நடந்தாள். 1928-ஆம் ஆண்டையொட்டி மலாயாவின் பல தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி வகுத்திருந்தார்கள். அந்த 40 காசுக்காக அவள் காட்டுக்குள் போனால் குடும்பப் பெண். தன் சந்தோஷத்துக்காகத் தன் கணவனோடு அதே காட்டுக்குள் போனால் அடக்கமில்லாதவள்! செக்ரோலில் பேர் ஏறினால் கற்பு கெடாது, ஏறாவிட்டால் கெட்டுவிடும் என்பது எந்த ஊர் நியாயம்? நான் செக்ரோல் எழுதிப் பிழைப்பவன். அந்தப் புத்தகத்துக்கு அவ்வளவு மகிமை உண்டென்று எனக்கு இதுவரை தெரியாது.

இனி, பெண்ணின் கால் மலையேறத் தகாது என்பாருக்கு ஒரு சொல். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை, மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம், தலையில் பால்குடத்தோடு வெறுங்காலில் நடப்போரில் பெண்கள் எத்தனை பேர்! பத்துமலையில் 272 படி ஏறுவோரில் எத்தனை பேர்! அவர்களுடைய பக்தியைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவர்களுடைய காலைப் பற்றியே பேசுகிறேன். 272 படி ஏறிய கால், 164 மீட்டர்கூட முழுமையாய் இல்லாத ஒரு குன்றில் ஏறியவுடன் தளர்ந்துவிடுமா? உடம்பு ஒன்றே, தை மாதத்தில் ஓர் உடம்பு, மற்ற மாதங்களில் வேறோர் உடம்பு என்று நம் பெண்களுக்கு இல்லை.

‘தமிழ்ப் பண்பாடு’ என்ற பெரிய சொல்லைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்தில் நான் படித்ததெல்லாம் ஆங்கிலம். தமிழ் இலக்கியத்தை வேலைக்கு வந்த பிறகே, இரவு விளக்கில், அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு படித்தேன். ஆகவே புலவர்கள் என் பிழையைப் பொறுத்தருள்க. சங்க நூல்களில் உடன்போக்கு என்றொரு துறை இருக்கிறதே, அது என்ன? தலைவனும் தலைவியும் வீட்டாரறியாமல் சுரத்தின் வழியே கூடிப் போவது. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பாட்டுகள் நூறு. அவற்றில் இந்த வழிநடைக்கென்றே தனிப் பத்துகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. கலித்தொகையில் மகளைத் தேடி வரும் செவிலி, எதிரே வரும் அந்தணரை விசாரிக்கிறாள். அவர்கள் ‘ஐயோ, கெட்டது குடி’ என்று தலையிலடித்துக்கொள்ளவில்லை. அவள் போனதே அறவழி என்று தேற்றி அனுப்புகிறார்கள். அந்த முனிவர்களுக்கு இருந்த தெளிவு நம் கலியாணப் பந்தியில் இல்லை.

சிலப்பதிகாரத்தைப் படித்தபோது எனக்கு உண்டான எண்ணம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோவலனிடம் பொருள் இருந்தது. புகாரில் இந்திர விழா நடந்தது. கடற்கரையில் நிலவும் யாழும் பாட்டும் இருந்தன. அந்த உல்லாசத்துக்கு அவன் அழைத்துப் போனது யாரை? மாதவியை. பொருளெல்லாம் தீர்ந்து, சிலம்பு விற்கும் நிலைமை வந்து, மதுரை வரை கால்நடையாகப் போக வேண்டி வந்தபோது அவனோடு நடந்தவள் யார்? கண்ணகி. புகார் எல்லையைத் தாண்டிச் சற்றுத் தூரம் போவதற்குள்ளாகவே மூச்சு வாங்கி, மதுரை எங்கே என்று கேட்கிறாள் அவள். அதுவரை அவளை அவன் எங்கும் நடத்திச் சென்றதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? கதை பழையது, குணம் பழையதன்று. நம் ஆடவரில் பலர் இன்றைக்கும் உல்லாசத்துக்கு நண்பரைத் தேடுகிறார்கள், கஷ்டத்துக்கு மட்டும் மனைவியைத் தேடுகிறார்கள்.

இதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மணமாகி முதல் வருஷம் முழுவதும் நான் காரியாலய நண்பர்களோடு மட்டுமே காஸ்வே தாண்டிச் சிங்கப்பூர்க் காடுகளில் நடந்துவிட்டு வந்தேன். அவள் வீட்டில் சோறாக்கி வைத்துக் காத்திருந்தாள். ‘உன்னால் முடியாது’ என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை; ‘வருகிறாயா?’ என்று கேட்டதுமில்லை. ஒரு நாள் அவளே, “அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?” என்று கேட்டாள். அதற்கு மறுவாரம்தான் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுக்கு அழைத்துப் போனேன். 2004-இல் திறக்கப்பட்ட தொங்குபாலம் ஒன்று அங்கே உண்டு. 250 மீட்டர் நீளம். மரங்களின் தலைக்கு மேலே கட்டியிருக்கிறார்கள். மிகவும் ஒடுக்கமானது, இருவர் பக்கம் பக்கமாகப் போவதற்கில்லை. நான் முன்னே செல்லலாம் என்று அடியெடுத்து வைத்தேன். பாலம் அசைந்தது. கீழே பார்த்தேன், கால் நகரவில்லை. அவள் என்னைக் கடந்து முன்னே போய், திரும்பிப் பாராமல், கையை மட்டும் பின்னால் நீட்டினாள். பால்மரக்காட்டில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு உயரமும் ஆழமும் ஒரு பொருட்டல்ல என்பதை அன்றைக்கு அறிந்தேன். ஒரு வருஷம் வீணாக்கினேனே என்ற வருத்தம் இன்றும் தீரவில்லை.

மற்றொரு நாள் பழைய ரயில் பாதையில் நடந்தோம். தஞ்சோங் பகார் நிலையத்துக்கு மலாயா ரயில் வருவது 2011-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதியோடு நின்றது. தண்டவாளம் பெரும்பாலும் எடுக்கப்பட்டு, 24 கிலோமீட்டர் வழி இப்போது நடப்பவருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் உரியது. என் பாட்டன் சிங்கப்பூரைக் காண வந்தது இந்த வழியில்தான். ரயிலில் வந்தவர் பாட்டன் மட்டும். பாட்டி கடைசிவரை இந்தப் பட்டணத்தைக் காணவேயில்லை. ‘அவளுக்கு அங்கே என்ன வேலை?’ என்பாராம். இதைக் கேட்ட என் மனைவி அந்தப் பாதையில் வெகு தூரம் ஒன்றும் பேசாமல் நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்கா சந்தைப் பக்கம் போய்ப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் நம் வாலிபர்கள். கட்டடம் கட்டவும் கப்பல் பட்டறையில் உழைக்கவும் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அந்தச் சீட்டில் வந்தவன் மனைவியை அழைத்துவந்து உடன் வைத்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. புல்தரையில் உட்கார்ந்து, கைப்பேசித் திரையில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவன் ஞாயிற்றுக்கிழமை கழிந்துவிடும். மனைவியோடு ஒரு மைல் சேர்ந்து நடப்பதற்கு அவன் எத்தனை மாதச் சம்பளத்தைக் கொடுக்கவும் சம்மதிப்பான் என்பதை அவனிடமே கேட்டுப் பாருங்கள். அவனுக்குக் கிடையாத பாக்கியம் நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது. அதை வெட்கத்துக்குரியது என்று சொல்ல எவருக்கு உரிமை?

“வெள்ளைக்காரனைப் பார்த்துக் காப்பியடிக்கிறீர்கள்” என்றும் அந்தப் பந்தியில் ஒருவர் சொன்னார். சரி, வெள்ளைக்காரரையே பார்ப்போம். அமெரிக்காவைச் சேர்ந்த ஃபேனி புல்லக் ஒர்க்மன் அம்மையாரும் அவர் கணவர் வில்லியமும் 1897-இல் தொடங்கிய நெடும்பயணத்தில் இலங்கையிலும் இந்தியாவிலும் மிதிவண்டியிலேயே சுற்றினார்கள். 14,000 மைல் என்று தங்கள் நூலின் தலைப்பிலேயே கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். பின்பு இமயமலைப் பக்கம் திரும்பினார்கள். 1912-இல் சியாச்சின் பனியாற்றின் மேலே நின்று, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற பத்திரிகைத் தலைப்பை அம்மையார் விரித்துப் பிடித்திருக்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. இவ்வளவும் மெச்சத்தக்கதே. ஆயினும் தோட்டத்துக்காரனாகிய எனக்கு அவர்கள்பால் முழு மரியாதை உண்டாகவில்லை. சுமை தூக்கிய கூலிகளை ஓயாமல் குறைகூறியே எழுதினார்கள். அந்தக் கூலிகள் இல்லாவிட்டால் அம்மையார் பத்திரிகையை விரிக்கும் இடம் வரை சென்றிருக்க முடியுமா என்று எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. நாம் காப்பியடிப்பதாயிருந்தால் அவர்கள் துணிவைக் காப்பியடிப்போம், துரைத்தனத்தை வேண்டாம். ஏன் சொல்கிறேனென்றால், வீட்டு வேலைக்கு வந்த பெண்ணின் தோளில் பையை மாட்டிவிட்டுத் தாங்கள் கைவீசி நடக்கும் தம்பதிகளை நான் இதே பூங்காக்களில் பார்த்திருக்கிறேன்.

எவரெஸ்ட் உச்சியில் கணவனும் மனைவியுமாய் முதன்முதல் நின்றவர்கள் ஸ்லோவேனிய நாட்டு ஆண்ட்ரேய், மரியா ஸ்ட்ரெம்ஃபெல் தம்பதியர். 1990 அக்டோபர் 7. அதே உச்சியை மலேசியர்களில் முதலில் அடைந்தவர்கள் யார்? 1997 மே 23-இல் மகேந்திரனும் மோகன்தாஸும், இருவரும் நம்மவர். 2023 மே மாதத்தில் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி ஏறினார்; மணமானவர், தாய். இவர்களில் எவருடைய தமிழ் கெட்டது?

இளைஞர்களிடமும் எனக்குக் குறை உண்டு. மலைக்குப் போவதே படம் எடுக்கத்தான் என்று போகிறவர்கள், பாதிவழியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். குரங்குக்கு முறுக்குப் போட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். இங்கே காட்டு விலங்குக்குத் தீனி போட்டால், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்க 2020 முதல் சட்டம் இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்துகொள்வது பணப்பைக்கு நல்லது. எங்கள் படத்தையும் பந்தியில் காட்டியிருக்க வேண்டியதில்லை என்று என் மாமியார் சொல்கிறார். அது வேறு விஷயம்.

தொட்டிலைப் பற்றி மட்டும் நான் இங்கே பதில் சொல்லப் போவதில்லை. அது எங்கள் இருவருடைய காரியம். எங்களுக்கு அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு கண்ணீர் என்று பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்களல்லோம். ஆனால் ஒன்று சொல்வேன். அந்தத் துக்கம் நெஞ்சை அடைத்த நாட்களில், நாலு சுவருக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் இருந்தோம். ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராய்க் காட்டு வழியில் நடந்தபோதுதான் எங்களுக்கு மறுபடியும் பேச்சு வந்தது.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை அவளே காலணியை எடுத்துத் துடைத்தாள். லார்க்கினில் 170-ஆம் எண் பேருந்தில் ஏறினோம். போன வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு. பேசியவர், பந்தியில் என்னைக் கண்டித்த அந்தப் பெரியவருடைய மனைவி. என்னிடம் அல்ல, என் மனைவியிடம் தாழ்ந்த குரலில் பேசினார். “ஏம்மா, அந்த மலைக்கு எப்படிப் போவது? முழங்கால் வலிக்காரி ஏற முடியுமா?” லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் ஏறினால் பியூட்டி வோர்ல்டு ஏழாவது நிலையம், உச்சி வரை தார் போட்ட பாதை உண்டு, கொஞ்சம் செங்குத்து, நடுநடுவே நின்று இளைப்பாறலாம் என்று அவள் சொன்னாள். “தனியாகவா வருகிறீர்கள், அம்மா?” என்று கேட்டதற்கு, “அவரையும் கேட்டுப் பார்க்கிறேன்” என்றாராம்.