கால்வாய்க்கும் கெடு வையுங்கள்

ஈப்போ மாநகர் மன்றத்துக்கு நாம் கட்டும் மதிப்பீட்டு வரிக்குக் கெடு உண்டு. முதல் பாதிக்குப் பிப்ரவரி கடைசி, இரண்டாம் பாதிக்கு ஆகஸ்டு கடைசி. தவறினால் அபராதம், அதற்கும் அசையாவிட்டால் வீட்டுச் சாமான்களைப் பறிமுதல் செய்யவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஈப்போவின் புந்தோங் வாசிகளுக்கு இது மனப்பாடம். வாசலில் ஓடும் லோங்காங்கை இந்தத் தேதிக்குள் தூர்வாரியாக வேண்டும் என்று மன்றத்துக்குச் சட்டம் வைத்த கெடு மட்டும் எங்கும் இல்லை. அந்தக் கெடுவைத்தான் நாம் கேட்கிறோம்.

வெள்ளம் என்றதும் நாட்டின் கவனம் கிழக்குக் கரைக்குப் போய்விடுகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. கிளந்தானுக்கும் திரெங்கானுவுக்கும் படகுகள், நிவாரண மையங்கள், அமைச்சர்களின் வருகை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தித்திவாங்சா மலைக்கு மேற்கே கிடக்கும் கிந்தா பள்ளத்தாக்கின் மழை வேறு வகை. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் இங்கே வானம் கொட்டுகிறது. அதுவும் பெரும்பாலும் பிற்பகலில், பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தில். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். படகு வருவதற்குள் தண்ணீர் வடிந்து, கூடத்தில் சேறு நிற்கும். கச்சாங் பூத்தே போடும் குடும்பத்துக்குக் கடலை மூட்டை நனைந்தால் ஒரு வார வருமானம் போயிற்று. அந்தக் குடும்பம் நிவாரண மையத்துக்குப் போகாது. போகாதவர்கள் பாதிக்கப்பட்டோர் கணக்கிலும் வரமாட்டார்கள்.

இப்படிப்பட்ட வெள்ளத்தை வந்த பிறகு சமாளிப்பது நடக்காத காரியம். முன்கூட்டியே வாரிய கால்வாயும், அடைப்பெடுத்த மதகும், மணல் மேடு தட்டாத சுங்கை பாரியும்தான் அதற்கு மருந்து. கிந்தா ஆற்றிலும் அதன் கிளைகளிலும் ஈயச் சுரங்கங்கள் கொட்டிய மணல் ஒரு நூற்றாண்டுச் சுமை. அதன்மேல் புதுத் தாமான்களின் சிமெண்டுத் தரையில் விழும் மழை, மண்ணில் இறங்க வழியின்றி நேரே தாழ்வான கம்பங்களுக்கு ஓடி வருகிறது.

குளிர்நாடுகளின் ஊராட்சி மன்றங்களுக்கும் இதே தலைவலிதான். அங்கே கொட்டுவது பனி. ஈழத்தமிழர்கள் ஏராளமாக வாழும் டொரோண்டோவில் எத்தனை சென்டிமீட்டர் பனி விழுந்தால் எந்தச் சாலைக்கு வண்டி வர வேண்டும் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட விதி. பெருஞ்சாலைக்கு ஓர் அளவு, குடியிருப்புத் தெருவுக்கு வேறோர் அளவு. விதி இருந்தும் சறுக்கல் உண்டு: 1999 ஜனவரியில் அந்நகர மேயர் பனியை அள்ள ராணுவத்தையே அழைக்க நேர்ந்தது, நாடே சிரித்தது. ஆனாலும் தன் தெருவுக்கு வண்டி வரவில்லை என்று கேட்பவர் அங்கே மன்றத்தின் சொந்த விதியையே எடுத்துக் காட்டலாம்.

நம்மிடமும் பாதி வேலை முடிந்தே இருக்கிறது. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் அறிகுறி தெரிந்தால் வானிலைத் துறையான மெட்மலேசியா இடிமழை எச்சரிக்கை விடுகிறது. அந்த எச்சரிக்கை கைப்பேசியில் ஒலித்த அடுத்த அரை மணி நேரத்தில் எந்த மதகடிக்கு எந்த ஆட்கள் போக வேண்டும் என்பதுதான் மீதிப் பாதி.

இங்கே சட்டத்தைப் பேசாமல் தீராது. 1993 டிசம்பர் 11ஆம் தேதி ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒன்று சரிந்து 48 பேர் மாண்டனர். எஞ்சிய கட்டடங்களின் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கு, மலைச்சரிவின் வடிகால் திட்டத்தை அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் நிறைவேற்றத் தவறியதையும் சுட்டியது. 2006இல் கூட்டரசு நீதிமன்றம் கழகத்துக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பளித்தது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆவது பிரிவு அதற்குக் கவசமாயிற்று. இழப்பீடு கொடுத்தே மன்றங்களின் பணம் கரைந்தால் அடிப்படைச் சேவைகளுக்கு என்ன மிஞ்சும் என்பதும் நீதிமன்றத்தின் கவலை. வடிகாலைக் கவனிக்காதவர்களுக்கு, வடிகாலைக் கவனிக்கப் பணம் வேண்டுமே என்பதற்காகவே விடுதலை!

இங்கிலாந்திலும் நீதிமன்றம் ஒருமுறை இப்படிக் கைவிரித்தது. உறைபனியில் கார் வழுக்கிப் படுகாயமுற்ற ஒருவரின் வழக்கில், சாலையில் பனி உறையாமல் தடுப்பது மன்றத்தின் கடமையில் அடங்காது என்று 2000இல் பிரபுக்கள் சபை முடிவு செய்தது. ஆனால் அந்நாட்டு நாடாளுமன்றம் அத்துடன் விடவில்லை. 2003இல் சட்டத்தைத் திருத்தி, பனியாலும் உறைபனியாலும் சாலையில் செல்வோருக்கு ஆபத்து நேராதபடி, நியாயமாக இயன்ற அளவுக்குப் பார்த்துக்கொள்வதை மன்றத்தின் கடமையாக எழுதிவைத்தது. ‘நியாயமாக இயன்ற அளவுக்கு’ என்ற வரம்பு இருப்பதால் இந்தக் கடமை மன்றங்களைத் திவாலாக்கவும் இல்லை.

வாக்குச்சீட்டு இருந்திருந்தால் சட்டத்தை இவ்வளவு நம்ப வேண்டியதில்லை. அரசியல் தலைவர்களான சீனிவாசகம் சகோதரர்களின் காலத்தில் ஈப்போ மக்கள் தங்கள் நகர மன்றத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் தேர்தல் வேண்டும் என்றே பரிந்துரைத்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டமோ நியமன முறையை நிலைநிறுத்தியது. நம்மவர்கள் தோட்டத்தில் இருந்தவரை சாலையும் கால்வாயும் நிர்வாகத்தின் பாடு. மன்றத்தின் லாரி உள்ளே வராது. தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்து வரி கட்டத் தொடங்கியவர்களுக்கும் மன்ற உறுப்பினரை மாற்றும் உரிமை கிடைக்கவில்லை.

மெத்தையையும் நாற்காலியையும் கால்வாயில் தள்ளுவது நம் ஆட்கள்தானே என்று கேட்பார்கள். உண்மை, அவர்களுக்கு அபராதம் போடுங்கள், இத்தாளும் ஆதரிக்கும். ஆறு நீர்ப்பாசன வடிகால் துறையுடையது, பெரிய சாலை பொதுப்பணித் துறையுடையது என்பார்கள். அதுவும் உண்மை, ஆனால் வாசலில் தண்ணீர் நிற்கும்போது எந்தத் துறையை அழைப்பது என்று ஆராய்வது குடியிருப்பவரின் வேலை அல்ல.

ஆகவே மாநகர் மன்றம் மார்ச் கடைசிக்குள் ஒரு பட்டியலும் செப்டம்பர் கடைசிக்குள் ஒரு பட்டியலும் வெளியிட வேண்டும். எந்தத் தெருவின் கால்வாய், எந்தத் துறையின் பொறுப்பு, என்று வாரப்பட்டது, அடுத்து என்று என்பவை அதில் இருக்க வேண்டும். மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் அச்சிட்டுப் புந்தோங் சந்தையில் ஒட்டுவதற்குப் பெரிய செலவு ஆகாது. 95ஆவது பிரிவைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. புந்தோங் அடங்கிய ஈப்போ பாராட் தொகுதியின் உறுப்பினர் எம். குலசேகரன் வழக்கறிஞர், 2023 டிசம்பரில் பிரதமர் துறையில் சட்டச் சீர்திருத்தத்துக்கான துணையமைச்சராக நியமிக்கப்பட்டவர். திருத்த மசோதாவின் முதல் வரைவை அவரிடமிருந்தே எதிர்பார்க்கிறோம்.