கூரைக்கும் ஒரு காவல் வேண்டாமா?

தோழரே!

திண்டிவனத்திலிருந்து புதுவை செல்லும் பெருஞ்சாலையிலே இருக்கிறது கிளியனூர். அதற்குக் கிழக்கே கழுவெளி ஏரி. அதற்கும் அப்பால் எடையன்திட்டுக் கழிமுகம், மரக்காணத்து உப்பளங்கள், பிறகு வங்கக் கடல். சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பி வழிந்தால், அந்த நீர் கழுவெளியைச் சேர்ந்து, கழிமுகத்தின் வழியாகத்தான் கடலைக் காண வேண்டும். கடலே பொங்கி நிற்கும் நாளில், ஏரி நீருக்கு வழி கிடைக்குமா? கிடைக்காது. வழி கிடைக்காத நீர் வயலில் ஏறும். உப்புப் பாத்தியில் ஏறும். வாயிற்படி தாண்டி வீட்டுக்குள்ளும் ஏறும். அழைப்பார் இல்லாமலே வரும் விருந்தாளி அது!

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ வந்தது. புதுவை அருகே கரை ஏறிய பிறகும் நகராமல் பல மணி நேரம் நின்று பொழிந்தது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை! உப்பு வாரும் உழைப்பாளி ஆண்டுக்கணக்கில் சேர்த்த அரிசிப் பானையும் துணிப் பெட்டியும் ஓர் இரவில் சேறாகும் அளவுக்கு மழை!

இப்போது வானம் தெளிந்திருக்கிறது. தெளிந்த வானத்தின் கீழ்தான் தெளிந்த மனத்தோடு எண்ண முடியும். ஆகவே கேட்கிறேன்: நீங்கள் வாழும் வீட்டுக்கு வெள்ளக் காப்பீடு எடுத்துவிட்டீர்களா?

“கட்சி ஏட்டிலே கேட்கும் கேள்வியா இது? காப்பீட்டு முகவர் கேட்க வேண்டியதல்லவா?” என்று நகைப்பீர்கள். கேட்க வேண்டியது நாம்தான். வீடிழந்தவன் கூட்டத்துக்கு வரமாட்டான். கடன்காரன் வீட்டு வாசலில் நிற்பான். கடன்பட்டவன் நிமிர்ந்து பேசமாட்டான். நிமிர்ந்து பேசாதவன் உரிமை கேட்கமாட்டான். கூரை சரிந்தால் குடும்பத்தின் முதுகெலும்பும் சேர்ந்தே சரிகிறது. அரசியலுக்கு இதைவிட நெருங்கிய பொருள் வேறென்ன?

“வெள்ளம் வந்தால் அரசு கொடுக்குமே!” என்பது நம்மிடையே உலவும் முதல் நம்பிக்கை. கொடுக்கும், கொடுக்க வேண்டும். நிவாரணம் குடிமகனின் உரிமை. ஆனால் அந்த உரிமையின் அளவென்ன? பேரிடர் நிதிக்கென 2022–26 காலத்துக்கு மைய அரசு வகுத்த விதியைப் பாருங்கள். சமவெளியில் முற்றிலும் இடிந்த வீட்டுக்கு ரூ. 1,20,000. ஒரு பகுதி இடிந்த உறுதியான வீட்டுக்கு ரூ. 6,500. அழிந்த குடிசைக்கு ரூ. 8,000. ஒரு சுவரை எழுப்பச் செங்கல்லும் சிமெண்டும் கொத்தனார் கூலியும் என்னவென்று அறிந்தவர்கள் நீங்கள். ரூ. 6,500 எத்தனை முழம் சுவராகும்?

இன்னொன்றையும் எண்ணுங்கள். ஃபெஞ்சலுக்குப் பின் விழுப்புரம் மாவட்டக் குடும்ப அட்டைக்கு ரூ. 2,000 என்றது தமிழக அரசு. சேதமுற்ற குடிசைக்கு ரூ. 10,000 என்றது. எல்லைக்கு அப்பால் புதுவை அரசு அட்டைக்கு ரூ. 5,000 என்றது. ஒரே புயல், ஒரே மழை, ஒரே துயரம். எல்லைக் கல்லுக்கு இப்புறம் ஒரு தொகை, அப்புறம் ஒரு தொகை! நிவாரணத்தின் அளவை மழைக்குப் பின்னர் கருவூலம் தீர்மானிக்கிறது. காப்பீட்டின் அளவை மழைக்கு முன்னரே நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். வேறுபாடு இதுதான்.

2021 ஏப்ரல் முதல் நாளிலிருந்து, வீட்டுக்கென ஒரே அமைப்பிலான காப்பீட்டைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்க வேண்டும் என்று ஒழுங்காணையம் விதித்தது. ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்பது அதன் பெயர். பெயரிலே தமிழ் மணக்கவில்லைதான்! பெயர் பிடிக்கவில்லை என்பதற்காகப் பயனை விட்டுவிடலாமா? தீ, இடி, நிலநடுக்கம், புயல், ஆழிப்பேரலை, வெள்ளம், நிலச்சரிவு ஆகியவை எல்லாம் அந்த ஒரே பத்திரத்தில் அடங்குகின்றன.

கணக்கைக் காண்போம். 600 சதுர அடி வீடு. சதுர அடிக்கு ரூ. 2,000 செலவில் மீண்டும் கட்டலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுத் தொகை ரூ. 12 லட்சம். மனையின் விலை இதில் சேராது. வெள்ளம் மனையைத் தூக்கிச் செல்வதில்லையே! கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, உச்சமாக ரூ. 10 லட்சம் வரை, வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே காப்பு உண்டு. இங்கே அது ரூ. 2,40,000. பிரீமியமோ, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும் சிறு தொகை. இரண்டு மூன்று நிறுவனங்களில் கேட்டு, வந்த தொகையைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். அந்த மாதக் கணக்கை உங்கள் தேநீர்க் கணக்கோடு ஒப்பிடுங்கள்!

நாடகக்காரன் நான், ஒரு சிறு காட்சி அமைக்க அனுமதியுங்கள். திண்ணையில் தந்தை, எதிரே, கணக்குப் படித்த மகள்.

“இருபது ஆண்டு பணம் கட்டுவோம், வெள்ளம் வராவிட்டால் அத்தனையும் வீண்தானே, அம்மா?”

“தெருக்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டீர்களே, அப்பா. இருபது ஆண்டாகத் திருடன் வரவில்லை. தாழ்ப்பாள் வீணா?”

“சீட்டுக் கட்டினால் பணமாவது திரும்பி வருமே!”

“சீட்டில் எல்லோருக்கும் முறை வரும். இதில் முறை வராதிருப்பதே நல்லது, அப்பா. நூறு வீட்டார் சிறுகச் சிறுகப் போட்டு, இடிந்த இரண்டு வீட்டைத் தூக்கி நிறுத்துகிறோம். அந்த இரண்டில் ஒன்று நம்முடையதாகவும் இருக்கலாம்.”

திரை!

மகள் சொன்னதுதான் என் கருத்தும். இடிந்தால் கைப்பணத்தால் திரும்பக் கட்ட முடியாத வீடு எவருடையதோ, அவர் காப்பீடு எடுக்கத்தான் வேண்டும். தாழ்ந்த இடத்திலும் நீர்வழி ஓரத்திலும் உள்ளவர்கள் ஒரு பருவம்கூடத் தள்ளிப்போடலாகாது. வாடகைக்குக் குடியிருப்பவர் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். மேட்டிலே உறுதியான வீடும், கையிலே திரும்பக் கட்டும் வசதியும் உள்ளவர் மட்டுமே “வேண்டுமா?” என்று நிதானமாக எண்ணலாம். நம் தோழர்களில் அத்தகையோர் எத்தனை பேர்?

வாங்கும்போது கண்மூடி வாங்காதீர்கள். உப்புக் காற்று அரித்த கம்பியும், ஆண்டுக்கணக்கில் ஒழுகும் தளமும் தேய்மானம் எனப்படும். அவற்றுக்கு இழப்பீடு கிடைக்காது. ரொக்கமும் பத்திரங்களும் சேராது. நகைக்குத் தனியே கேட்டுச் சேர்க்க வேண்டும். கீற்று, மூங்கில், தார்ப்பாய் வேய்ந்தவற்றைப் பத்திரம் ‘கச்சா’க் கட்டடம் என்று தனியே வரையறுக்கிறது, அத்தகைய வீடெனில், ஏற்பார்களா என்பதை எழுத்தில் பெற்ற பிறகே பணம் கட்டுங்கள். வங்கிக் கடனில் கட்டிய வீடெனில், “காப்பீடு ஏற்கெனவே இருக்கிறது” என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். கடன் பெற்றவர் இறந்தால் கடனைத் தீர்க்கும் காப்பீடு வேறு, வீடு இடிந்தால் வீட்டைக் கட்டித் தரும் காப்பீடு வேறு. எது இருக்கிறது என்று பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

நீர் வடிந்ததும் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். சேற்றைக் கழுவும் முன் படம் எடுங்கள். உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். மதிப்பீட்டாளர் வரும்வரை உடைந்த பொருளை எறியாதீர்கள். நிறுவனம் மறுத்தால் மனம் தளராதீர்கள். முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் தக்க விடை வராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லுங்கள். அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை.

ஆனால், தோழரே, இத்தோடு நம் கடமை முடிந்ததா? கல் வீட்டுக்காரர் பத்திரம் வாங்கிக்கொள்வார். உப்பளத்துக் கீற்றுக் குடிசை என்ன செய்யும்? மழை மாதங்களில் பாத்தி நீரில் மூழ்க, கூலியும் மூழ்கிப் போகும் குடும்பம் எதைக் கொண்டு பிரீமியம் கட்டும்? வெள்ளம் எவரை முதலில் அடிக்கிறதோ, அவருக்குத்தான் காப்பீடு கடைசியில் கிட்டுகிறது. இந்தக் கொடுமையைக் கண்டு வாளாவிருப்பதா?

வழி இருக்கிறது. பிரான்சு நாட்டில் 1982 முதல் ஒரு சட்டம். சொத்துக் காப்பீடு எடுக்கும் ஒவ்வொருவரும் ஒரே வீதத்தில் கூடுதல் தொகை செலுத்த வேண்டும். மலைமேல் வாழ்பவரும் ஆற்றங்கரையில் வாழ்பவரும் அதில் சமம். அந்தப் பணம் இயற்கைப் பேரிடரில் இழந்தவரைத் தாங்குகிறது. கடல் கடந்து போவானேன்? நம் நாட்டிலேயே நாகாலாந்து, 2024இல், தன் மாநிலத்துக்கே பேரிடர்க் காப்பீடு செய்துகொண்டது. மழை குறித்த அளவைத் தாண்டினால் தொகை வரும் என்ற முறை அது. சின்னஞ்சிறு மாநிலம் செய்ததைச் செந்தமிழ்நாடு செய்ய முடியாதா?

கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் வீடு ஒன்றுக்கு ரூ. 3,50,000 தர 2024இல் முடிவு செய்தது தமிழக அரசு. குடிசைக்காரரைக் காரை வீட்டில் குடியேற்றும் நல்ல பணி. அப்படிக் கட்டும் வீட்டுக்கு முதல் நாளிலேயே காப்பீடும் சேர்த்துத் தரட்டும். பத்தாண்டுக்கு ஒருசேரக் கட்டும் வசதி இந்தப் பத்திரத்திலேயே உண்டு. உப்பளத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு அரசே கூட்டாகக் காப்பீடு எடுக்கட்டும். கேட்போம், கிராம சபையில் கேட்போம், சட்டமன்றம் கேட்கும்வரை கேட்போம்!

அதுவரை, உப்பு வாரும் கோடையிலேயே, கையில் கூலி புழங்கும் நாளிலேயே, உங்கள் பிரீமியத்தைக் கட்டிவிடுங்கள். கிளைக் கழகத்துக்கு ஒருவர் இந்தப் பத்திரத்தைப் படித்துத் தேறட்டும். படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்குப் படித்துக் காட்டட்டும். வடகிழக்குப் பருவம் அக்டோபரில் வரும். அது வரும்போது, கழுவெளிக் கரையிலுள்ள எத்தனை வீடுகள் காவலோடு நிற்கின்றன என்ற கணக்கு நம் கையில் இருக்கட்டும்!