துணை நடிப்பின் பெருமை

தலைமை மாந்தராய்த் தோன்றுவோரே சிறந்த நடிகர் என எண்ணுவோர் பலர். அக்கருத்துப் பொருந்தாது என்பதற்கு டெல்லி கணேஷின் கலைவாழ்வே சான்று. நெல்லைச் சீமையின் வல்லநாட்டில் 1944ஆம் ஆண்டு பிறந்த அவர், பத்தாண்டுகள் இந்திய விமானப் படையில் பணிபுரிந்தார். தில்லியில் நாடகமேடை ஏறினார். அந்நகரின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கே. பாலசந்தரின் ‘பட்டினப் பிரவேசம்’ (1977) அவரைத் திரைக்குக் கொணர்ந்தது.

தலைவனாய் நடிப்பவர் ஒரே முகத்தைப் பல படங்களிற் காட்டினும் மக்கள் பொறுப்பர். துணை நடிகர்க்கு அவ்வுரிமை இல்லை. ‘பசி’யில் (1979) அவர் ரிக்‌ஷா இழுக்கும் ஏழைத் தந்தை, தமிழக அரசின் பரிசு அவ்வேடத்திற்கே கிடைத்தது. ‘சிந்து பைரவி’யில் (1985) குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்து தலைகுனியும் மிருதங்கக் கலைஞர். ‘அபூர்வ சகோதரர்க’ளில் (1989) கொடியோர் நால்வருள் ஒருவர். அக்கொடியவரைக் கண்டு வெகுண்ட மக்களே, மறு ஆண்டு ‘மைக்கேல் மதன காமராஜ’னில் பாலக்காட்டுச் சமையற்காரராய் வந்தவரைக் கண்டு வயிறு குலுங்க நகைத்தனர். முகம் அதுவே, பேச்சும் நடையுமே வேறு.

நானூற்றுக்கு மேற்பட்ட படங்கள் என்று எண்ணிக்கையை வியப்போர் உளர். எண்ணிக்கையன்று, இவ்வேறுபாடே வியத்தற்குரியது. தொலைக்காட்சித் தொடர்களிலும் அவர் இவ்வாறே நடித்தார். 1994இல் கலைமாமணி விருது பெற்றார். 2024 நவம்பரில் சென்னையில் மறைந்தார். அவ்வாண்டு வெளிவந்த ‘இந்தியன் 2’ படத்திலும் அவர் முகத்தை மக்கள் கண்டனர்.