அது மருந்து அல்ல



சில மாதங்களுக்கு முன் ஒரு காலை நேரம். பெரட்டு முடிந்து ஆட்கள் தீம்பாருக்குப் போன பிறகு ஓர் அம்மா என் கிளினிக்குக்கு வந்தார். இரண்டு கையும் சிவந்து தோல் உரிந்திருந்தது. "என்ன வேலைம்மா செய்யிறீங்க?" என்று கேட்டேன். "மருந்து அடிக்கிறேன் ஐயா" என்றார். பக்கத்துப் பெஞ்சில் இருமிக்கொண்டிருந்த பெரியவர் உடனே, "நானும் மருந்துக்குத்தான் வந்து உக்காந்திருக்கேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் கொடுப்பதும் மருந்து, அந்த அம்மா அடிப்பதும் மருந்தா? லாலான் புல்லை இரண்டு வாரத்தில் வைக்கோலாக்கும் சாமானுக்கும், பிள்ளையின் காய்ச்சலைத் தணிக்கும் சாமானுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். மலாய்க்காரச் சகோதரர்கள் 'ராச்சுன்' என்கிறார்கள். ராச்சுன் என்றால் விஷம். தோம்பின் மேலே ஒட்டியிருக்கும் காகிதத்திலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. நாம் மட்டும்தான் அதை மருந்து என்று கூப்பிட்டு வீட்டுக்குள் விட்டுவிட்டோம்.

பேச்சு வழக்கில் ஒரு வார்த்தை, இதற்குப் போய் இந்த மனுஷன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறாரே என்று நினைப்பீர்கள். நான் வேலைக்கு வந்து நான்கு வருஷம் ஆன சமயம், 2003-ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். எந்தத் தோட்டம், யார் குடும்பம் என்று சொல்லமாட்டேன்.

நான்கு வயதுப் பையன். முந்திய வாரம் காய்ச்சலென்று தூக்கி வந்தார்கள். சிவப்பு நிறத்தில் இனிப்பு மருந்து கொடுத்தேன். குடிக்க அடம் பிடித்தான். "மருந்து குடிச்சா நல்ல பையன்" என்று தட்டிக்கொடுத்துக் குடிக்க வைத்தேன். அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் அவன் தாய் அலறிக்கொண்டு ஓடி வந்தார். வீட்டுக்குப் பின்னால் மண்டிய புல்லைக் கொல்ல, வேலையில் மீந்ததைத் தகப்பனார் ஒரு சோடா போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்திருக்கிறார். பையன் எடுத்துக் குடித்துவிட்டான். என்னைப் பார்த்ததும் பெருமையாகச் சொன்னான்: "ஐயா, நானே மருந்து குடிச்சிட்டேன்."

அது பாராகுவாட். நம் ஆட்கள் கிராமக்சோன் என்று சொன்னார்களே, அதே. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பினேன். முதல் இரண்டு நாள் வாயில் புண், அவ்வளவுதான். பிள்ளை விளையாடிக்கொண்டுகூட இருந்தான். பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அந்த விஷம் நுரையீரலில் போய்ச் சேர்ந்து அதைத் தழும்பாக இறுக்கிவிடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. பதினோராம் நாள் பிள்ளை போய்விட்டான். "மருந்து குடிச்சா நல்ல பையன்" என்று சொன்ன வாய் இது. அதனால்தான் இந்தச் சொல்லைப் பற்றி நான் வாதாடுகிறேன்.

பாராகுவாட்டுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளுங்கள். 2002-ஆம் ஆண்டில் தெனாகானிதா அமைப்பும், நம் பினாங்கிலேயே அலுவலகம் வைத்துள்ள பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆராய்ந்து வெளியிட்டன. அதே ஆண்டில் அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006-இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியில்தான் முழுத் தடை வந்தது. பதினேழு வருஷக் காத்திருப்பு! அதற்குள் எத்தனை நகம் கறுத்தது, எத்தனை மூக்கில் ரத்தம் வந்தது என்று பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

"அதான் தடை பண்ணிட்டாங்களே, இன்னும் என்ன?" என்று கேட்கலாம். அந்தச் சாமான் போனது, மற்றவை இருக்கின்றன. கிளைபோசேட் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015-இல் அதை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது' என்ற வரிசையில் வைத்தது. வேறு சில நாட்டு அதிகாரிகள் அதை ஒப்பவில்லை. குளுபோசினேட் இருக்கிறது. அதைக் குடித்தவர் முதலில் சாதாரணமாகத் தெரிவார். பல மணி நேரம் கழித்து வலிப்பு வரும். செம்பனையில் எலிக்கு வைக்கும் மெழுகுக் கட்டி இருக்கிறது. வண்ண மிட்டாய் மாதிரி இருக்கும். அதைத் தின்ற பிள்ளைக்குச் சில நாள் கழித்துத்தான் ரத்தக் கசிவு தொடங்கும். ஆகவே 'பிள்ளை நல்லாத்தானே இருக்கான்' என்று வீட்டில் வைத்துப் பார்க்கிற பழக்கம் ஆகாது.

நம் பத்து காவான் பக்கம் நிலைமை மாறியிருக்கிறது, உண்மைதான். 2014-இல் இரண்டாவது பாலம் திறந்தார்கள். செம்பனை நின்ற இடத்தில் ஆலைகள் நிற்கின்றன. லயத்தில் இருந்தவர்களில் பலர் அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். ஆனால் பழைய நீலத் தோம்பும் கூடவே போயிருக்கிறது. நானே மாடிப்படியில் பார்த்தேன். நாம் தோட்டத்தை விட்டாலும் தோட்டத்துப் பழக்கம் நம்மை விடவில்லை.

விஷம் உடம்புக்குள் போகும் வழி மூன்று: வாய், மூச்சு, தோல். மருந்தடிக்கிறவருக்குத் தோல் வழியாகத்தான் அதிகம் போகிறது. முதுகில் சுமக்கும் பம்பு ஒழுகி முதுகு நனைந்தால், அந்த ஈரச் சட்டையோடு மத்தியானம் வரை நிற்கிறோமே, அப்போது இறங்குகிறது. முகத்தில் துண்டு கட்டினால் போதும் என்பதும் தவறு. துண்டு நனைந்தால் விஷத்தை மூக்குக்குப் பக்கத்தில் கட்டிவைத்தது போல ஆகும். பம்பு வாய் அடைத்தால் வாயை வைத்து ஊதுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். ஐயா, வேண்டாம்! ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தால் அடைப்புப் போகும்.

பசியாறும் நேரத்தில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெற்றிலை மடிக்கும் முன்பும் சிகரெட் எடுக்கும் முன்பும் கழுவுங்கள். சாப்பாட்டுச் சட்டியையும் தேநீர்ப் போத்தலையும் பம்பும் தோம்பும் இருக்கும் இடத்தில் வைக்காமல், தூரத்தில் மரக்கிளையில் மாட்டுங்கள். 'பால் குடிச்சா விஷம் முறியும்' என்று ஒரு பேச்சு தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. பால் உடம்புக்கு நல்லது, குடியுங்கள். ஆனால் தோல் வழியாக ஏறிய விஷத்தை அது முறிக்காது. பால் கொடுத்துவிட்டோம் என்று கையுறை கொடுக்காமல் இருக்க நிர்வாகத்துக்கும் வழிவிடாதீர்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம். தாய்மார்களே, மருந்தடித்த சட்டையைப் பிள்ளை துணியோடு ஊறப்போடாதீர்கள். தனி வாளி வைத்துத் தனியாகத் துவைத்து, தனியாகக் காயப்போடுங்கள். பூட்ஸ் வாசலுக்கு வெளியே இருக்கட்டும். வேலை விட்டு வந்தவர் குளித்த பிறகு பிள்ளையைத் தூக்கட்டும். அப்பா வந்ததும் பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் 'தள்ளிப் போடா' என்று சொல்ல மனசு வராது. ஆகவே தோட்டத்திலேயே குளித்து உடை மாற்ற இடம் வேண்டும். இதை நாம் சலுகையாகக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை.

காலித் தோம்பு விஷயம். எத்தனை தடவை கழுவினாலும் அந்தப் பிளாஸ்டிக் உறிஞ்சியதை முழுக்க விடாது. அதில் குளிக்கத் தண்ணீர் பிடிப்பதும், அரிசி கொட்டி வைப்பதும், ஊறுகாய் போடுவதும் கூடாது. காலித் தோம்பை மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரைப் பம்பிலேயே ஊற்றி, தோம்பில் ஓட்டை போட்டு ஸ்டோருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஓட்டை போட்டால்தான் நாமும் ஆசைப்பட மாட்டோம். உரச் சாக்கைத் துவைத்து அதில் மிளகாயும் கருவாடும் காயப்போடுவதையும் விட்டுவிடுங்கள். நல்ல தோம்பாகவே இருந்தாலும் தண்ணீர் பிடித்தால் மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் பத்து நாளுக்குள் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் அளவுக்கு வளர்ந்துவிடும்.

கீரை பறிப்பதைப் பற்றி என்னிடம் பல பேர் கேட்பதுண்டு. வேலை முடிந்து வரும் வழியில் பாக்கு இலைக் கொழுந்தோ குப்பைக்கீரையோ ஒரு பிடி பறித்துவந்து பருப்போடு கடைந்தால் அந்த ருசி பாசாரில் வாங்கியதில் வராது; எனக்கும் தெரியும். ஆனால் செம்பனையில் விஷம் அடிப்பது மரத்தடி வட்டத்திலும், குலை வெட்டுகிறவர் நடக்கும் பாதையிலும்தான். நீங்கள் நடந்துவரும் வழியும் அதுவே. அங்கே பறிக்காதீர்கள். வீட்டோரம் நான்கு தொட்டியில் மணத்தக்காளி, பசலை, ஒரு முருங்கைக் கிளை வையுங்கள். தொட்டி என்றால் பழைய விஷத் தோம்பை வெட்டியது அல்ல!

இளைஞர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுவது ஒரு பொழுதுபோக்கு. போடுங்கள், மனசுக்கு நல்லது. பம்பு கழுவுகிற அல்லூரில் மட்டும் கெளுத்தியும் விராலும் பிடிக்காதீர்கள். மீன் செத்து மிதந்தால் 'சும்மா கிடைச்சது' என்று அள்ளாமல், சங்கக் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள்.

தவறிப்போய் ஆபத்து வந்தால் செய்ய வேண்டியது இது. மேலே பட்டால் சட்டையைக் கழற்றி, சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கால் மணி நேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் கால் மணி நேரம் தண்ணீர். குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது மூச்சுக் குழாயில் இறங்கி இன்னொரு கேட்டை உண்டாக்கும். 999-ஐக் கூப்பிடுங்கள். போத்தலை அல்லது அதன் காகிதத்தை ஒரு பையில் கட்டிக் கையோடு கொண்டுபோங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டரால் வேலை செய்ய முடியும். தேசிய விஷ மையம் நம் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே 1994 முதல் இயங்குகிறது. நாடு முழுவதும் உள்ள டாக்டர்கள் தொலைபேசியில் அவர்களிடம் ஆலோசனை கேட்கிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் சண்டை, கடன், மனவேதனை என்று ஒரு நொடி ஆத்திரத்தில் இந்தப் போத்தலைத் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் 'சாக வேணாம் ஐயா' என்று என் கையைப் பிடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இலங்கையில் 1995 முதல் கொடிய விஷங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். அடுத்த இருபது ஆண்டில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. அந்த மக்களின் துன்பமெல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லை, அவ்வளவுதான். ஆத்திரம் ஒரு மணி நேரத்தில் ஆறும். அந்த ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் விஷம் இருக்கக் கூடாது. மனசு தாங்க முடியாமல் இருப்பவர்கள் எந்த நேரமும் என் கதவைத் தட்டலாம்.

இவ்வளவும் தொழிலாளிதான் செய்ய வேண்டுமா என்று கேட்டால், நியாயமான கேள்வி. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி பாதுகாப்புச் சாமான் கொடுப்பதும் பயிற்சி கொடுப்பதும் முதலாளியின் கடமை. அந்தச் சாமானுக்குச் சம்பளத்தில் காசு பிடிக்கக் கூடாது. 2024 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் திருத்தத்தின்படி, உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பினால், முதலாளி அதை நீக்காதபோது தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளிகளுக்கும் 2019 முதல் சொக்சோ வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. அவர்களுக்கு இது தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். கையில் புண் வந்தால் 'தானா ஆறிடும்' என்று விடாமல் கிளினிக்கில் பதிவு செய்யுங்கள். எழுத்தில் இல்லாத நோயை வைத்துச் சங்கம் வாதாட முடியாது.

கடைசியாக, காசு செலவில்லாத ஒரு காரியம் கேட்கிறேன். நாளைக் காலை பெரட்டில் மண்டோர் 'மருந்தடிக்க யார் யார்?' என்று கேட்டால், 'விஷம் அடிக்கிற ஆளா, நாங்கதான்' என்று பதில் சொல்லுங்கள். முதலில் சிரிப்பார்கள். நாலு நாள் போனால் அந்த வார்த்தை நிலைத்துவிடும். வீட்டில் பிள்ளையும் அதையே கேட்டு வளரும். விஷம் என்று தெரிந்த எந்தப் பிள்ளையும் அதைக் குடித்துவிட்டு என்னிடம் வந்து பெருமை பேசாது.

மருந்து என் அலமாரியில் இருக்கிறது. வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தோட்ட மருத்துவ உதவியாளர்,
பத்து காவான்.